மார்ஷ்மெல்லோவா, சுட்ட தேங்காயா? கேம்ப் போகும் வாண்டுகளுக்கு எதை எடுத்துப் போவது

சென்னையிலிருந்து குடும்பத்தோடு ஓர் இரவு கேம்ப் கிளம்புகிறவர்கள் டென்ட், பாய், கொசுவர்த்தி என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்டால் மட்டும் "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்பதுதான் பதில். பகலுக்கு அந்தப் பதில் போதும். மண்ணும் தண்ணீரும் ஏறுவதற்கு ஒரு மரமும் இருந்தால் பகல் தானாக ஓடிவிடும். பொழுது சாய்ந்த பிறகுதான் சிக்கல். ஜனவரியில் 6 மணிவாக்கில், மே மாதத்தில் 6:30 வாக்கில் இங்கே சூரியன் மறைகிறது. கேம்ப் இடங்களில் இரவுச் சாப்பாடு 8:30க்கு முன்னால் தட்டுக்கு வருவது அபூர்வம். பசி, கொசுக்கடி, இருட்டுப் பயம், "போன் குடு" என்ற நச்சரிப்பு எல்லாம் சேர்ந்து வருவது அந்த இரண்டரை மணி நேரத்தில்தான். பணத்தையும் யோசனையையும் அங்கேதான் செலவிட வேண்டும். ஆகவே இங்கே ஒவ்வொன்றையும் பார்க்கும்போது ருசி, விலையோடு இன்னொரு கேள்வியும் கேட்கிறோம்: இது பிள்ளைகளின் கைக்கு எத்தனை நிமிடம் வேலை கொடுக்கும்?

அதற்கு முன் இடம். மாமல்லபுரம், கோவளம் பக்கம் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஏலகிரி சுமார் 230 கிலோமீட்டர். நடுவில் டிபனுக்கு நிறுத்தினால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும், கடைசியில் 14 கொண்டை ஊசி வளைவுகள் வேறு. வாணியம்பாடி தாண்டியதும் சாக்லேட், சிப்ஸ், பால் எதையும் கொடுக்காதீர்கள். அந்த வளைவுகளில் எல்லாம் வெளியே வந்துவிடும். கடற்கரை ஓரத்தில் ஈரக் காற்று, மொறுமொறுப்பான எதுவும் பத்து நிமிடத்தில் நமுத்துப்போகும். மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசத் தொடங்கிவிட்டால் மெழுகுவர்த்தி நிற்காது, தீயும் ஒரு பக்கமாகவே எரியும். மலையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே குளிர் இருப்பதால் பிள்ளைகள் தாமாகவே தீயை ஒட்டி உட்காருவார்கள். அது வசதி, ஆபத்தும் அதுவே.

தீ மூட்டலாமா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பொதுக் கடற்கரையில் இரவு தங்கித் தீ மூட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும், குஞ்சு பொரியும். கரையில் வெளிச்சம் தெரிந்தால் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் அந்தப் பக்கம் திரும்பிவிடும். மலையில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகளும் கெடுபிடியாகிவிட்டன. மிச்சம் இருப்பது தனியார் பண்ணை, ரிசார்ட் வளாகங்கள். அங்கே தீக்குழி உண்டா, விறகு அவர்கள் தருவதா, சிறிய கேஸ் அடுப்புக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். கூடவே, இரவில் விளக்கை அணைக்கச் சொன்னால் அணைப்பார்களா என்றும் கேளுங்கள். ஏன் என்பது பின்னால் வருகிறது.

தீ இருந்தால்

மார்ஷ்மெல்லோவைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். பார்க்கக் கவர்ச்சி, குச்சியில் குத்தினால் வேலை முடிந்தது. ஆனால் ஒரு துண்டு சுட ஒரு நிமிடம், தின்ன ஒரு வாய். நான்கு பிள்ளைகள் இருந்தால் 30 துண்டு பாக்கெட் கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். அதற்குமேல் சர்க்கரை ஏறிய பிள்ளைகளும் காலிக் குச்சிகளும்தான் மிச்சம். சைவக் குடும்பங்கள் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் வழக்கமான மார்ஷ்மெல்லோவில் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது. சைவ வகைகளில் சில, சூடு பட்டதும் உப்பாமல் வழிந்து தீயில் விழுந்துவிடும். ஒரு பாக்கெட் வாங்கி வீட்டு அடுப்பில் ஒன்றைக் காட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். ஈ.சி.ஆர். (மாமல்லபுரம் பக்கம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை) ஈரத்தில் பாக்கெட்டைப் பிரித்த சிறிது நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளோர் தூவிக் குலுக்கினால் பிரியும்.

அதைவிடப் பெரிய தொல்லை, தீப்பற்றிய மார்ஷ்மெல்லோ. பற்றிக்கொண்டதும் பிள்ளை பயந்து குச்சியை உதறும். உருகிய சர்க்கரை எரிந்தபடியே பக்கத்தில் இருப்பவர் கையில் போய் ஒட்டும், ஒட்டினால் உடனே துடைக்க வராது. "உதறாதே, ஊது" என்று முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். ஜுவாலையில் காட்டவும் விடாதீர்கள். விறகு எரிந்து தணலான பிறகு, தணலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துத் திருப்பினால் பொன்னிறமாக வரும். சுட்டதையும் ஒரு துண்டு சாக்லேட்டையும் நடுவில் வைத்துத் தின்ன மேரி பிஸ்கட் நன்றாகவே பொருந்தும். சாக்லேட்டை மட்டும் ஐஸ் பெட்டியில் வையுங்கள். 34 டிகிரி வந்தாலே அது உருகும், வெயிலில் நிற்கும் காருக்குள் அதைவிட எவ்வளவோ சூடு.

குச்சி விஷயத்தில் ஒரு கறாரான எச்சரிக்கை. ரிசார்ட் வேலியிலும் நெடுஞ்சாலை நடுவிலும் வரிசையாக நிற்கும் அரளி, நேராக, வழவழவென்று, குச்சிக்காகவே வளர்ந்ததுபோல் இருக்கும். அதன் இலை, தண்டு, பால் எல்லாமே விஷம். அங்கே எந்தச் செடியையும் ஒடிக்காமல் வீட்டிலிருந்தே மூங்கில் குச்சியோ மரப்பிடி போட்ட கம்பியோ கொண்டுபோங்கள். நீளம் முக்கால் மீட்டருக்குக் குறைய வேண்டாம். மூங்கிலை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் நுனி எரியாது.

எங்கள் முதல் தேர்வு மார்ஷ்மெல்லோ அல்ல, சுட்ட தேங்காய். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. ஆடி முதல் தேதி அங்கே தெருவெங்கும் தீ மூட்டித் தேங்காய் சுடுவார்கள். சென்னையில் பிறந்த பிள்ளைகள் பலர் பார்த்ததே இல்லை. இதில் தேய்ப்பது, நிரப்புவது, சுடுவது, ஆறும்வரை காத்திருப்பது, உடைப்பது என்று எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஓடும். பிள்ளை கை வைக்க முடியாத கட்டம் சுடுவது ஒன்றுதான்.

நடுத்தரத் தேங்காய் ஒன்றுக்கு அளவு: பாசிப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன் (அரை மணி நேரம் ஊறவைத்து வடித்தது), பொடித்த வெல்லம் 2 டேபிள்ஸ்பூன், அவல் 1 டேபிள்ஸ்பூன், பொட்டுக்கடலை 1 டேபிள்ஸ்பூன், எள் 1 டீஸ்பூன், ஒரு ஏலக்காய். முற்றிய தேங்காய் வேண்டும், ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். குடுமி உட்பட நாரை முழுவதும் பிய்த்துவிட்டுச் சொரசொரப்பான சிமென்ட் தரையில் ஓடு வழவழப்பாகும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளைகூட இதை அரை மணி நேரம் சலிக்காமல் செய்யும். நார் மிச்சமிருந்தால் அதுதான் முதலில் பற்றிக் கரும்புகையாகும். மூன்று கண்களில் ஒன்று மட்டும் விரலால் அழுத்தினாலே கொஞ்சம் அமுங்கும். அதைக் கம்பியால் குத்தித் திறந்து, தண்ணீரை ஒரு டம்ளரில் இறக்குங்கள். கலவையை ஒரு காகிதக் கூம்பு வழியாகப் போட்டு, பென்சிலால் மெல்லத் தள்ளி, முக்கால் பாகம் வரை நிரப்பி, எடுத்த தண்ணீரில் 3 டேபிள்ஸ்பூன் திரும்ப ஊற்ற வேண்டும். ஒரு மீட்டர் நீளக் குச்சியின் நுனியைக் கூராகச் சீவி அந்தக் கண்ணில் இறுக்கமாக அடிக்க வேண்டும். சேலத்தில் அழிஞ்சில் குச்சிதான் மரபு. சென்னையில் கொய்யாக் கிளை கிடைத்தால் போதும்.

இனி பெரியவர் வேலை. ஜுவாலையின் ஓரத்தில் குச்சியை விடாமல் உருட்டிக்கொண்டே 20 முதல் 30 நிமிடம். ஓடு கறுத்து, ஒரு கட்டத்தில் 'டப்' என்று விரிசல் விடும், வெல்ல வாசனை வெளியே வரும். அதுதான் பதம். உள்ளே நீராவி அடைபட்டிருப்பதால் குச்சி தெறித்து வரவும் கூடும், ஆகவே பிள்ளைகள் இரண்டு மீட்டர் தள்ளி, குச்சிக்கு நேர் எதிரே யாரும் நிற்காமல் இருக்க வேண்டும். வாய்வரை நிரப்பினால் பருப்பு உப்பிக் குச்சியைத் தள்ளிவிடும். தண்ணீர் குறைந்தால் பருப்பு வேகாமல் நறநறவென்று இருக்கும். உருட்டாமல் ஒரே பக்கம் காட்டினால் அந்தப் பக்கம் கருகி, மறுபக்கம் பச்சைத் தேங்காயாகவே நிற்கும். எடுத்ததும் உடைக்காமல் கால் மணி நேரம் ஆறவிட்டு உடைத்தால் வெந்த பருப்பும் வெல்லமும் ஒட்டிய பத்தை ஓட்டிலிருந்து லேசாகக் கழன்று வரும். ஒரு தேங்காய் மூன்று பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் பத்தையை மெல்லிய சீவலாக்கிக் கொடுங்கள்.

மக்காச்சோளம் நம்பகமானது, ஆச்சரியம் எதுவும் இல்லை. தோகையை உரித்துப் பின்னால் மடித்துக் கட்டினால் அதுவே கைப்பிடி. தணலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் திருப்பி, எலுமிச்சை மூடியில் உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுத் தேய்ப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். ஸ்வீட் கார்ன் சீக்கிரம் கருகும், நாட்டுச் சோளம் நின்று சுடும். ஆறேழு வயதில் முன்பல் விழுந்த பிள்ளையால் கடிக்க வராது என்பதை மறந்துவிடுகிறோம். அதற்கு உதிர்த்துக் கிண்ணத்தில் கொடுங்கள்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு பொங்கல் சமயத்தில் மலிவு. தீ மூட்டியதும் ஓரச் சாம்பலில் புதைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம், 40 நிமிடத்தில் வெந்திருக்கும். இருவிரல் தடிமன் உள்ளதாகப் பொறுக்குங்கள். தடித்த கிழங்கு வெளியே கரியாகி நடுவில் வேகாமல் கிடக்கும். கைவேலை எதுவும் இல்லாததால் விளையாட்டாக இது தேறாது. ஆனால் 7:30 மணிப் பசிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது, சாப்பாடு தாமதமானாலும் யாரும் அழமாட்டார்கள்.

நான்கைந்து வயதுக்காரர்களைத் தீயருகே விட மனமில்லையா? நேந்திரம்பழம் இருக்கிறது. தோலோடு நீளவாக்கில் கீறி, ஒரு துண்டு சாக்லேட்டையோ ஒரு டீஸ்பூன் வெல்லமும் தேங்காய்த் துருவலுமோ அடைத்து, அலுமினியத் தாளில் பொதிந்து, மேலே மார்க்கரால் தன் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் தணலில் எட்டு நிமிடம் வைத்து எடுத்துக் கொடுத்தால் ஸ்பூனால் தோண்டித் தின்னலாம். பூவன், ரஸ்தாளி போட்டால் குழைந்து கூழாகிவிடும். பெயர் எழுதிய பொட்டலம் தீயில் கிடக்கும் அந்த எட்டு நிமிடமும் பிள்ளை கண்ணெடுக்காது.

தீயைச் சுற்றி நைலான், பாலியெஸ்டர் உடை வேண்டாம், பருத்திதான். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்கும் ஊழியர் இருந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விலகிப் போய்விடுங்கள். கை சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம், பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் கூடாது. தீயை அணைக்கும்போது மணலை அள்ளிப் போட்டு மூடுகிற பழக்கம் ஒன்று உண்டு. மேலே பார்க்க வெறும் மணல், அடியில் தணல் பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதில்தான் மிதிக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி ஊற்றி, கைவைத்துப் பார்த்துக் குளிர்ந்த பிறகே விட்டுப் போகலாம்.

தீ கூடாது என்றால்

மே மாதத்தில் ஈ.சி.ஆரில் தீ மூட்ட யாருக்கும் தோன்றாது. அப்போது நாங்கள் சொல்வது உருட்டு ஐஸ்கிரீம். சுட வைத்து ஆறவைத்துக் குளிரவைத்த கொழுப்பு நீக்காத பால் 250 மில்லி, கண்டென்ஸ்டு மில்க் 4 டேபிள்ஸ்பூன், இரண்டையும் கலந்து, ரப்பர் வளையமும் கிளிப்பும் உள்ள சிறிய எவர்சில்வர் டப்பாவில் முக்கால் பாகம் ஊற்றி மூடுங்கள். அதை மூன்று லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் உடைத்த ஐஸ் ஒரு கிலோ, இடையிடையே கல் உப்பு 200 கிராம். திருகுமூடியை இறுக்கி, எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் தரையில் உருட்டி உருட்டி விளையாட வேண்டியதுதான். 15 நிமிடத்தில் திறந்து ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டிக் கலக்கி, மறுபடி பத்து நிமிடம். உப்பு சேர்ந்ததும் ஐஸ் உருகத் தொடங்கும், அந்த உருகலுக்கு வேண்டிய வெப்பத்தைப் பாலிலிருந்து இழுத்துக்கொள்வதால்தான் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போகிறது. பள்ளியில் படித்ததைப் பெரிய பிள்ளைகள் இங்கே தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தொடும்போது துண்டு போட்டுத் தொடட்டும், வெறுங்கை வலிக்கும்.

இது சொதப்புவது இரண்டு விதம். உப்புத் தண்ணீர் உள்ளே கசிந்தால் மொத்தமும் வீண், வீட்டிலேயே டப்பாவைத் தண்ணீரில் அமுக்கிச் சோதியுங்கள். அடுத்தது, பாதிப் பால் பாதித் தண்ணீர் என்று சிக்கனம் பிடித்தால் ஐஸ்கிரீமுக்குப் பதில் பனிக்கட்டிச் சிதறல்தான் வரும். மீன் இறங்குதுறை ஐஸ் வேண்டாம். கடையில் கட்டிகளாக விற்கும் பாக்கெட் ஐஸை தெர்மக்கோல் பெட்டியில் கொண்டுபோனால் மாலைவரை தாங்கும்.

பாப்கார்ன் ஐந்து நிமிட வேடிக்கை. ஐந்து லிட்டர் குக்கரில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், அரை கப் சோளம். கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழற்றிவிட்டு மூடியை மேலே சாய்த்து மட்டும் வையுங்கள். வெடிச்சத்தம் கேட்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதோடு சரி. நான்கு வயதுக்குக் கீழே பாப்கார்னும் முழு வேர்க்கடலையும் தொண்டையில் சிக்கும், கொடுக்கவே கூடாது. பொங்கல் காலத்தில் போகிறவர்கள் வீட்டிலேயே உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த பனங்கிழங்கை எடுத்துப் போகலாம். தோலை உரித்து, பிளந்து, நடுக்குருத்தை எடுத்து, தும்பை நாராக நாராக இழுத்துத் தின்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். வாய் மூடியிருக்கும் என்பது கூடுதல் வசதி.

பகலுக்கு அதிகம் வேண்டாம்

கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கேம்பிங் செட், பப்பிள் கன் எல்லாம் முதல் மணி நேரத்தோடு சரி. ஏப்ரல், மே என்றால் வழியில் நுங்கு விற்பவரிடம் தின்றுவிட்டு, சுளை தோண்டிய வெறும் காய்களில் ஒரே அளவாக இரண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நுங்கு வண்டிக்கு அதுதான் சக்கரம். ஒன்றரைச் சாண் நீளமுள்ள உறுதியான குச்சியின் இரு நுனியையும் சீவி, காய்களின் நடுமையத்தில் ஆளுக்கொரு பக்கம் குத்தி அச்சாக்க வேண்டும். கவட்டை நுனி உள்ள நீளக் கழியை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் ஓடும். மையம் தவறினால் வண்டி நொண்டும். அச்சு இறுக்கமாக இல்லையென்றால் இரண்டாவது வளைவிலேயே சக்கரம் தனியாகப் போய்விடும். கடற்கரை மணலில் உருளாது, கெட்டித் தரை வேண்டும். இரண்டு நாளில் காய் வற்றித் துளை தளர்ந்துவிடும் என்பதால் வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கும் தொல்லையும் இல்லை.

தென்னை இருக்கும் வளாகத்தில் ஓலைப் பீப்பி செய்யலாம். ஈர்க்கு நீக்கிய பச்சை ஓலையை ஒரு முனையில் சிறு துளை விட்டுச் சுற்றத் தொடங்கி, சாய்வாகப் பெருக்கிக்கொண்டே போய்க் கூம்பாக்கி, ஈர்க்குத் துண்டால் குத்தி நிறுத்திவிட்டு, குறுகிய முனையை லேசாக நசுக்கி ஊத வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் முனை அதிகம் நசுங்கியிருக்கும் அல்லது சுற்றுகளுக்கு நடுவே காற்று ஒழுகும். பக்கத்து டென்ட்காரர்களின் பொறுமை உங்கள் பொறுப்பு.

பட்டம் ஈ.சி.ஆரில் மாலை நான்கு மணிக் காற்றுக்கு அருமை, பருத்தி நூல் மட்டும். மாஞ்சா தடை செய்யப்பட்டது, கழுத்தை அறுத்து உயிர்கள் போயிருக்கின்றன. கடலில் குளிப்பது பற்றி ஒரே வரி: இந்தக் கரையின் இழுப்பு நீச்சல் தெரிந்த பெரியவர்களையே கொண்டுபோகிறது, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் பிள்ளைகளை விடாதீர்கள்.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. கட்டட இறவாரத்துக்கு அடியில், மழை படாத பொடிமண்ணில், புனல் வடிவில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அது குழியானை. புல் நுனியால் குழியின் ஓரத்தைச் சுரண்டி இரண்டு மணல் துகளை உள்ளே சரித்துவிட்டுப் பாருங்கள். இரை விழுந்தது என்று நினைத்து, அடியில் புதைந்திருக்கும் பூச்சி தலையால் மணலை மேலே வீசி எறியும். மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை எல்லோரும் குப்புறப் படுத்துவிடுவார்கள்.

இருட்டிய பிறகு

ஒளிரும் குச்சிகளை வாங்குகிறவர்கள் அதிகம். முறித்ததும் வெளிச்சம், கையில் வளையல், பத்து நிமிடம் ஆட்டம். சின்னவர்கள் கடித்தால் உள்ளே இருக்கும் திரவம் வாயையும் கண்ணையும் எரிக்கும். மறுநாள் அது வெறும் குப்பை. அந்தப் பணத்துக்கு இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்குங்கள். கட்டை விரல் அகலத்துக்கு இருபது துண்டு வெட்டித் துணிக் கிளிப்களில் ஒட்டி, வெளிச்சம் இருக்கும்போதே பெரியவர் ஒருவர் 25 மீட்டர் எல்லைக்குள் கயிறு, கம்பம், கிளை, டென்ட் முனை என்று மாட்டிவைக்க வேண்டும். புதரடியிலும் தரையிலும் கல் இடுக்கிலும் கூடாது, கண்ணாடி விரியனும் தேளும் இருக்கும் இடங்கள் அவை. பிள்ளைகளுக்கு ஷூ கட்டாயம். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் ஒன்றும் தெரியாது. நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் பிடித்தால் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அந்த ஸ்டிக்கர் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். இந்தச் சூட்சுமத்தைச் சொல்லாமல் விட்டு, யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் பாதி சுவாரசியம்.

கிளிப் எல்லாம் கிடைத்த பிறகும் டார்ச்சை அதே இடத்தில் வைத்துப் புல்தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை வைரப்பொடி சிந்தியது மாதிரி புள்ளிகள் மின்னும். பனித்துளி என்று கிட்டே போனால் ஒன்று நகரும். ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். பயந்த பிள்ளைகூட நூறுவரை எண்ணத் தொடங்கிவிடும்.

வானம் பார்ப்பது இலவசம், ஆனால் தேதி பார்க்க வேண்டும். காலண்டரில் அமாவாசைக்கு முன்பின் நான்கு நாட்களுக்குள் கிளம்புங்கள். விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்கச் சொன்னது இதற்குத்தான். விண்மீன் குழு, ராசி என்று பாடம் நடத்தினால் ஐந்து நிமிடத்தில் கொட்டாவி வரும். "உன் நட்சத்திரத்தைக் கண்டுபிடி" என்றால் கதையே வேறு. ஜனவரியில் இரவு 8 மணிக்கு உச்சியில் கொத்தாகத் தெரிவது கார்த்திகை, கண்ணுக்கு எத்தனை தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள், பலருக்கு ஆறு தெரியும். அதற்குக் கிழக்கே செம்மஞ்சளாக ரோகிணி, இன்னும் கிழக்கே சிவந்த திருவாதிரை, அதன் கீழே புனர்பூசம். மே மாதம் அதே நேரத்தில் மேற்குப் பக்கம் மகம், தென்கிழக்கில் சித்திரை, கிழக்கில் சுவாதி. அந்த மாதம் மேலே இல்லாத நட்சத்திரக்காரப் பிள்ளை முகம் வாடும், தாத்தா பாட்டி நட்சத்திரத்தையும் கேட்டுக்கொண்டு போங்கள். ஈ.சி.ஆரில் வடக்கு வானம் சென்னை வெளிச்சத்தில் வெளுத்திருக்கும், கடல் பக்கமும் தெற்கும்தான் பயன்படும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்களுக்குக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே உள்ளது. சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்பும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஏழு வயதுக்கு மேல் என்றால் இந்தச் சுற்று வீண்போகாது. அதற்குக் கீழே இருந்தால் வானத்தை நம்பி மாலையை ஒப்படைக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஜனவரி, மலை, தீக்குழி உண்டு, நான்கு பிள்ளைகள் என்றால் எங்கள் கணக்கு இப்படிப் போகும்: மாலை 4:30க்கு இரண்டு தேங்காயைத் தேய்க்கக் கொடுப்பது, 6 மணிக்குத் தீ, கிழங்கு அப்போதே சாம்பலுக்குள், 6:15க்குத் தேங்காய் தீயில். அது ஆறும் நேரத்தில் டார்ச் வேட்டை. 7:30க்குத் தேங்காயும் கிழங்கும், சாப்பாடு முடிந்து வானம். மார்ஷ்மெல்லோ வாங்கியே தீர வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பு வந்திருந்தால் ஆளுக்கு மூன்று, சாப்பாட்டுக்குப் பிறகு.

மே, கடற்கரைப் பக்கம் என்றால் வழியில் நுங்கு, மாலை ஐந்து மணிக்கு வண்டி, இருட்டியதும் ஐஸ்கிரீம் உருட்டல், பிறகு டார்ச் வேட்டை. பகல் 11 முதல் 4 வரை நிழலைவிட்டு வெளியே எதையும் திட்டமிடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் எந்த விளையாட்டும் விளையாட்டாக இருக்காது.

எந்த மாதமானாலும் வெல்லம், பிஸ்கட், தேங்காய்ப் பத்தை எதையும் டென்டுக்குள் வைக்க வேண்டாம். முதலில் எறும்பு வரும், பின்னால் எலி வரும், அதைத் தேடிப் பாம்பும் வரும். இறுக்கமாக மூடிய டப்பாவில் போட்டுக் காருக்குள் வையுங்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிளம்புகிறவர்கள் மழைக்கும் ஒன்று கையில் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஓட்டு ஆடு புலி ஆட்டத்துக்கு: மூன்று புலிக்குக் கூழாங்கல், பதினைந்து ஆட்டுக்குப் புளியங்கொட்டை, இரண்டே பேர், டென்டுக்குள்ளேயே ஆடலாம். தாயம் நான்கு பேருக்குச் சரி, கட்டை உருண்டு பைக்கடியில் போய்விடுவதுதான் தொல்லை. கட்டம் வரைய சாக்பீஸை நம்பாதீர்கள், டென்ட் தரையில் அது பிடிக்காது. பழைய வேட்டித் துண்டு ஒன்றில் மார்க்கரால் வீட்டிலேயே வரைந்து, புளியங்கொட்டையை அதிலேயே முடிந்து பையில் போட்டுவிடுங்கள்.